துறுதுறு நாயா, சாதுவான நாயா? சேலம், ஏற்காடு வீடுகளுக்கான கேள்வி பதில்

மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் நாய் கண்காட்சி நடக்கும். அதைப் பார்த்துவிட்டு மலையிறங்கும் பல குடும்பங்களுக்கு, அடிவாரம் வந்து சேர்வதற்குள் நாய் வளர்க்கும் ஆசை வந்துவிடுகிறது. அப்புறம் வரும் கேள்வி இதுதான்: ஓடியாடும் நாயாக வாங்குவதா, சொன்ன இடத்தில் படுத்திருக்கும் சாதுவான நாயாக வாங்குவதா? நம் ஊர் வெயிலையும் நம் வீடுகளையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

உங்கள் வீட்டு நேரத்தைப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள், அன்றைக்கு எல்லா வீட்டிலும் நாய்க்கு நேரம் இருக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து சங்கிலியைக் கையில் எடுக்கப்போவது யார்? சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் யார்? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடிந்தால் துறுதுறு நாயைப் பற்றி யோசிக்கலாம். "யாராவது பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால், யாரும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டுக்கு நிதானமான நாய்தான் சரி. அதிலும் குட்டி வேண்டாம், வளர்ந்த நாய்.

அந்த நேரங்களைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சேலம் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியை ஒட்டிப் போகும் ஊர். காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிடும், சாயங்காலம் ஆறு மணிக்கும் தார் ரோடு சூடு இறங்கியிருக்காது. புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அங்கே நிற்கக் கூடாது.

துறுதுறு இனம், சாது இனம் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஒரு இனத்தை எந்த வேலைக்காக வளர்த்தெடுத்தார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். பார்டர் கோலி நாளெல்லாம் ஆடு மடக்கிய நாய். சைபீரியன் ஹஸ்கி பனியில் வண்டி இழுத்தது. பீகிள் முயலின் வாசனையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடியது. ஜெர்மன் ஷெப்பர்டும் டாபர்மேனும் தினமும் வேலை கேட்கிற நாய்கள். ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் பெல்ஜியன் மாலினாய் இந்த வரிசையின் உச்சம். முதல் முறையாக நாய் வளர்ப்பவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

அந்தப் பக்கம் பக், ஷிட்சூ. இரண்டும் சீன அரண்மனைகளில் மடியில் வளர்ந்தவை. பாசெட் ஹவுண்ட், புல்டாக், செயின்ட் பெர்னார்ட், கிரேட் டேன் ஆகியவை மெதுவாக நடந்து நிறையத் தூங்குபவை.

ஆனால் இந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விசாரித்து, பல நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம் மட்டுமே. சாதுவான இனத்திலும் வாலுத்தனம் செய்யும் குட்டி பிறக்கும். அதனால்தான் தாய் நாயையும் பாருங்கள், குட்டியையும் தனியாக எடைபோடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

லேப் சாதுவான நாய்தானே? எல்லோரும் அதைத்தானே வாங்குகிறார்கள்?

நம் ஊரில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். லேப்ரடார் மனிதர்களிடம் சாது, உடம்பால் சாது இல்லை. நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு வலையும் கயிறும் இழுத்த நாய்களின் வம்சம் அது. பிறகு பிரிட்டனில், சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விக்கொண்டு வர வளர்க்கப்பட்டது. அதனால் வாயில் எதையாவது கவ்வியே ஆக வேண்டும். இரண்டு மூன்று வயது வரை செருப்பு, மாப்பு, சோபாவின் மூலை, கேட்டில் தொங்கும் பால் பை எதுவும் தப்பாது. தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடையும் விளையாட்டும் வேண்டும். அதைக் கொடுத்தால் நாலு வயதுக்கு மேல் அதைப் போல நல்ல வீட்டு நாய் கிடைப்பது கஷ்டம்.

கொடுக்காமல் போனால் குண்டாகும். 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். சுமார் நான்கில் ஒரு லேப்ரடாருக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது, அதனால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே அதற்குப் பசி அதிகம். தட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கும். "பாவம், இன்னும் பசிக்குது போல" என்று பாட்டி ஒரு இட்லி, பேரன் ஒரு பிஸ்கட் போட, அது இரண்டே வருடத்தில் உருண்டையாகிவிடும். அதற்கப்புறம் அது அசையாமல் கிடப்பதைப் பார்த்து "எங்க லேப் ரொம்ப சாது" என்பார்கள். அது சாது இல்லை, அதற்கு மூட்டு வலிக்கிறது.

சேலத்து லேப்புகளுக்கென்றே இன்னொரு ஆபத்து, மாம்பழ சீசன். வீட்டில் மல்கோவாவும் இமாம் பசந்தும் பெட்டியாக வந்திறங்கும் நாட்களில், சூப்பிப் போட்ட கொட்டையை லேப் ஒரே மடக்கில் விழுங்கிவிடும். கொட்டை குடலில் போய் அடைத்துக்கொள்ளும். மறுநாள் வாந்தி, சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது, முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்தால் கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஆபரேஷன்தான். கொட்டையை மூடி போட்ட குப்பைத் தொட்டியில் போடுவது எவ்வளவு சுலபம்!

பக் வாங்கினால் தொல்லையே இல்லை என்கிறார்களே?

2003-ல் ஹட்ச் விளம்பரம் வந்த பிறகு நாட்டில் பக் மீது ஒரு மோகம் பரவியது. குணத்தில் தங்கம்தான். காலையும் மாலையும் பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் போதும், மீதி நேரம் உங்கள் காலடியில் தூங்கும். ஆனால் சாதுவான நாய் என்பதும் கவனிப்பு குறைவாகக் கேட்கும் நாய் என்பதும் ஒன்றல்ல. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகலாக, மடிப்பும் சதையுமாக இருக்கும். காற்று போய்வரவே சிரமம். மே மாதம் மத்தியானம் இரண்டு மணி, மேல்மாடி வீடு, கரண்ட் போய்விட்டது என்று வையுங்கள். லேப் தரையில் காலைப் பரப்பிக்கொண்டு சமாளிக்கும். பக் சமாளிக்காமல் போகலாம்.

அறிகுறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும்போதே குறட்டை மாதிரி சத்தம் பெரிதாகும். நாக்கு அகன்று, நுனி மேலே சுருளும். எச்சில் கெட்டியாக வழியும். ஈறு அடர்சிவப்பாகும், பிறகு கால் தடுமாறும். நாயின் இயல்பான உடல் சூடு 38.5 டிகிரி அளவில் இருக்கும். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறுங்கள். முதலில் குளிர்ச்சி, அதன் பிறகுதான் டாக்டர் வீட்டுக்கு வண்டி. வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

பகலெல்லாம் ஒரு ஆள் வீட்டில் இருக்கிறார், குளிர்ச்சியான தரைத்தளம், இன்வெர்ட்டர் உண்டு என்றால் பக் வாங்கலாம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் சேலத்தில் பக் வாங்கக் கூடாது.

ஏசி போட்டு ஹஸ்கி வளர்க்கலாமா?

சேலத்தில் வேண்டாம். ஏசி அறையில் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். ஓடுவதற்கென்றே பிறந்த நாயை ஒரு அறையில் அடைத்தால் கதவைப் பிராண்டும், ஊளையிடும், சுவரைக் கடிக்கும். நம் வெயிலில் அதை ஓடவிடவும் முடியாது. இரண்டடுக்கு ரோமம் என்பதால் மொட்டையடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி மழித்தால் தோல் நேரடியாக வெயிலில் வேகும், முடியும் பழையபடி வளராமல் போகலாம்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை? வேட்டை நாயை வீட்டில் வைக்க முடியுமா?

தாராளமாக முடியும். இவற்றைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை அதிகம்.

சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் இரையைத் துரத்தும் இனங்கள். இந்த வகை நாய்களின் ஓட்டம் மின்னல் ஓட்டம், ஆனால் கொஞ்ச நேரம்தான். காலையில் சுற்றுச்சுவர் உள்ள காலி இடத்தில் பத்து நிமிடம் வெறித்தனமாக ஓடவிட்டு, கூட்டிவந்து தண்ணீர் வைத்தால், மத்தியானம் வரை பாயில் சுருண்டு கிடக்கும். துறுதுறுவா சாதுவா என்று கேட்டால் இரண்டும்தான். குட்டை ரோமம், ஒல்லி உடம்பு, நீண்ட மூக்கு என எல்லாமே வெயிலுக்கு ஏற்ற அமைப்பு. விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் அதற்கு அழகு. பக்கத்து வீட்டுக்காரர் "சோறே போடறதில்லையா?" என்று கேட்பார், காதில் வாங்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, திறந்த கேட்டும் ஓடும் பூனையும் சேர்ந்தால் நாய் நாலு ரோடு தாண்டியிருக்கும், கூப்பிட்டால் காதில் விழாது. ரோட்டில் எப்போதும் பிடி உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டு, நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் இவை மனதளவில் கெட்டுப்போகும். பயமும் சீற்றமும் சேர்ந்து வரும்.

ராஜபாளையம் கொஞ்சம் கனமானது, காவல் புத்தி உள்ளது. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் போவதுண்டு. குட்டிக்கு முன்னால் நின்று கை தட்டினால் பார்த்துத் திரும்பிவிடும், தெரியாது. தூங்கும்போது பின்னாலிருந்து தட்டிப் பாருங்கள். கோம்பை சூட்டிகையான, சட்டென்று பாயும் நாய். அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்.

இதெல்லாம் வேண்டாம், நல்ல நாய் ஒன்று போதும் என்பவருக்கு என் முதல் சிபாரிசு நம் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டிதான். நம் வெயில் அதற்குப் பழக்கம். பெரும்பாலானவை அளவான துறுதுறுப்பு உள்ளவை. காலை அரை மணி, மாலை அரை மணி நடை போதும். ஊசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, வீட்டுக்குள் வைத்து வளர்த்துப் பாருங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் வீடு. அங்கே எது?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கீழே சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஆகவே வெயில் பற்றி மேலே சொன்ன கட்டுப்பாடுகள் பாதி தளர்ந்துவிடும். ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லேப் எல்லாம் அங்கே சுகமாக இருக்கும். பத்து மணிக்குக்கூட நடக்கலாம். இடமும் இருக்கிறது.

ஆனால் இடம் இருக்கிறது என்று அவிழ்த்து விடுவதில்தான் சிக்கல். காப்பித் தோட்டங்களில் காட்டெருமை சாதாரணமாக நடமாடுகிறது. அமைதியான நாய் அதைப் பார்த்து வாசலில் நின்று குரைக்கும். துறுதுறு நாய், அதிலும் துரத்தும் இனம், நேரே பின்னால் ஓடும். எருமை திரும்பினால் நாய் உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே எருமையும் வரும். அதனால் வேலி போட்ட ஒரு பகுதி, சாயங்காலத்துக்கு மேல் வீட்டுக்குள், வெளியே போனால் நீளக் கயிறு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, காப்பிக்கொட்டையில் உள்ள காஃபீன் நாய்க்கு விஷம். அறுவடைக் காலத்தில் கண்டதைக் கடிக்கும் குட்டியைக் காய்களத்துப் பக்கம் விடாதீர்கள். மழைக் காலத்தில் உண்ணியும் ஏறும். நடந்து வந்ததும் காது மடல், கால் விரல் இடுக்கு, அக்குள் மூன்றையும் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த துறுதுறு நாய் திடீரென்று சாதுவாகிவிடும். அதைக் குணம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

வார இறுதியில் மட்டும் மேலே போகிறவர்கள், நாயை எஸ்டேட்டில் விட்டுவைக்கலாம் என்று எண்ண வேண்டாம். அது காவலாளியின் நாயாகத்தான் வளரும். அவருக்குப் பிடித்த நாயாகவே இருக்கட்டும்.

ஃபேர்லேண்ட்ஸில் அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி. சின்ன நாய் போதும்தானே?

சின்ன நாய் வேறு, அமைதியான நாய் வேறு. பீகிள் முழங்கால் உயரம்கூட இருக்காது. தனியாக விட்டால் அது போடும் நீண்ட ஓலம் கீழ்த்தளம் வரை கேட்கும். பொமரேனியனும் லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் பதில் சொல்லும். இதே வீட்டில் வயதான கிரேட் டேன் சத்தமில்லாமல் இருந்துவிடும், லிஃப்ட் வேலை செய்யாத நாளில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது என்பது தனிக் கவலை. அடுக்குமாடிக்கு, பக்குக்குச் சொன்னது போலப் பகலில் ஆளும் இன்வெர்ட்டரும் இருந்தால், வளர்ந்த ஷிட்சூ அல்லது கவாலியர் (கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல்) பாருங்கள், இல்லையென்றால் குரைப்பு குறைந்த நாட்டு நாய். ஷிட்சூவுக்கு மாதம் ஒருமுறையாவது முடி வெட்டவும் தினம் சீவவும் ஆள் வேண்டும்.

அசோசியேஷன் நாயே கூடாது என்றால்? அப்படித் தடை போட அவர்களுக்கு உரிமை இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. படிக்கட்டில் அசிங்கம் செய்தால் சுத்தம் செய்வது நம் பொறுப்பு.

வீட்டிலேயே தறி ஓடுகிறது. நாள் முழுக்க ஆள் இருக்கிறோம்.

ஆள் இருப்பது பெரிய பலம். சத்தத்துக்கு மிரளாத, நிதானமான நாயாகப் பாருங்கள். ஆனால் அம்மாபேட்டைப் பக்கத்துத் தறி வீடுகளில் நான் பயப்படுவது நூலுக்கு. குட்டி நூலைக் கடித்து இழுத்து விழுங்கினால், ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டு குடலையே சுருக்கிவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள். தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சின்ன கேட் போட்டுவிட்டால் நிம்மதி.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். ஒன்பது மணி நேரம் வீடு பூட்டியிருக்கும்.

எந்த இனமானாலும் குட்டி வேண்டாம். வளர்ந்த நாய் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் போலத் தூங்கும், அதனால் பழக்கினால் சமாளிக்கலாம். மத்தியானம் ஒருவர் வந்து கதவைத் திறந்துவிட ஏற்பாடு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. நாய் இருந்தால் அந்தச் சாக்கில் நடப்பார் என்று பார்க்கிறோம்.

நல்ல யோசனை, நாயைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். முப்பது கிலோ இளம் லேப் ஒரு அணிலைப் பார்த்து இழுத்தால் அறுபத்தைந்து வயதுக்காரர் குப்புற விழுவார், அதுவும் சர்க்கரைக்காரர் கால் புண்ணாகக் கூடாது. ஐந்து வயது தாண்டிய, இழுக்காமல் நடக்கப் பழகிய, பதினைந்து கிலோ அளவிலான நாட்டு நாய் அவருக்கு ஏற்ற துணை. கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் விடியற்காலையில் இருவரும் ஒரே வேகத்தில் நடக்கலாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கிறது.

மேய்ச்சல் இனங்கள் ஓடும் குழந்தையின் குதிகாலைக் கவ்வும். அதற்கு அது ஆடு மடக்கும் வேலை. குழந்தைக்கு ஆறு ஏழு வயதாகும்வரை நிதானமான, வளர்ந்த நாய் நல்லது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் குழந்தையையும் நாயையும் தனியாக விட்டுவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள்.

கருத்தடை ஆபரேஷன் செய்தால் துறுதுறுப்பு அடங்குமா?

ஊர் சுற்றுவது, கண்ட இடத்தில் சிறுநீர் விடுவது குறையலாம். ஓடும் ஆசை குறையாது.

தினமும் நன்றாக ஓடவிட்டுக் களைக்க வைத்தால் போதாதா?

உடம்பை மட்டும் களைக்க வைத்தால் நாளுக்கு நாள் அதன் தெம்பு கூடும், நீங்கள்தான் களைப்பீர்கள். மூக்குக்கும் மூளைக்கும் வேலை கொடுங்கள். ஒரு பழைய துண்டை விரித்து, கொஞ்சம் தீனியைத் தூவி, பாய் மாதிரி சுருட்டி வையுங்கள். அது மூக்கால் தள்ளி, காலால் பிரித்து, ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். முடிந்ததும் பெருமூச்சு விட்டுப் படுத்துவிடும். வெளியே கொண்டுபோக முடியாத மே மாத மத்தியானங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கூடவே "படு" என்று சொல்லிப் பாயில் படுக்கப் பழக்குங்கள். படுத்தவுடன் ஒரு துண்டு தீனி. சும்மா இருப்பதும் நாய்க்குக் கற்றுத்தர வேண்டிய பாடம்தான்.

குட்டி எடுக்கும்போது அதன் குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தாய் நாய் உங்களைக் கண்டு பதறுகிறதா, பாய்கிறதா, வாலாட்டி வருகிறதா என்று பாருங்கள். "அம்மா நாய் வேறு ஊரில் இருக்கு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசின் விதி சொல்கிறது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பது தெரியாமல் போகும்.

ஒரே ஈற்றில் முதலில் ஓடிவந்து உங்கள் ஷூவைக் கடிக்கும் குட்டி எல்லோருக்கும் பிடிக்கும். அதுதான் வீட்டிலும் ஷூவைக் கடிக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, பிறகு நிதானமாக வந்து கையை மோந்து, மடியில் தூக்கினால் சிறிது நெளிந்துவிட்டு அடங்கும் குட்டியை எடுங்கள். ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம். தூங்கி எழுந்த நேரத்தில் ஒருமுறை, சாப்பிட்ட பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வாங்கியாயிற்று. சமாளிக்க முடியவில்லை. என்ன செய்வது?

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் முரட்டுத்தனத்துக்குக் காது வலியும் மூட்டு வலியும்கூடக் காரணமாக இருக்கும். உடம்பு சரியாக இருந்தால், ஒரு மாதம் காலை நடை, மாலை நடை, துண்டு விளையாட்டு மூன்றையும் நாள் தவறாமல் செய்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் வேறு நல்ல வீடு தேடுவதில் தப்பில்லை. மலைப்பாதையில் இறக்கிவிட்டு வருவதுதான் பாவம். வீட்டுக்குள் வளர்ந்த நாய்க்கு அங்கே இரை தேடவும் தெரியாது, வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது. புது வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: எதைக் கடிக்கும், எதற்குப் பயப்படும், எந்த நேரம் சாப்பிடும், குளிப்பாட்டினால் என்ன செய்யும். ஒரு வாரம் அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து அதோடு நடந்து பழகட்டும். அது படுத்த பழைய விரிப்பையும், வெறிநாய்க்கடி ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையையும் நாயோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.